பழைய ஆர்சி டிரக்குக்குப் பிரஷ்லெஸ் மோட்டார்: முதல்முறை மாற்றுகிறவர்களுக்கு

கடையநல்லூர், வடகரை, செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் பரணைத் துழாவினால் பழைய ரிமோட் டிரக் ஒன்று கிடைப்பது பெரிய அதிசயமில்லை. வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்ததாக இருக்கும். கொஞ்ச காலம் ஓடி, பேட்டரி செத்து, அட்டைப்பெட்டியோடு மேலே ஏறியிருக்கும். அதை இறக்கித் தூசி தட்டிய கையோடு, "இதுக்கு பிரஷ்லெஸ் போட்டா பறக்குமாமே" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். பறக்கும்தான். ஆனால் மோட்டாரை மாற்றுவது இந்த வேலையில் கால்வாசி. மீதி முக்கால்வாசி, புது மோட்டாரின் பலத்தைப் பழைய கியர்பாக்ஸ் தாங்கும்படி செய்வதில் இருக்கிறது. அதனால் இங்கே கியர் பற்றித்தான் கூடுதலாகப் பேசப் போகிறேன்.

வண்டி எந்த ரகம்?

பாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் தனிப் பெட்டியாக, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் சர்வோ மூன்று ஒயரோடு தனிப் பெட்டியாக, மோட்டார் இரண்டு ஸ்குரூவில் கழற்றும்படி இருந்தால் இது ஹாபி ரகம், மாற்றலாம். எல்லாமே ஒரே பச்சை போர்டில் சாலிடர் செய்யப்பட்டு, ஸ்டீயரிங்குக்கு ஐந்து ஒயர் போனால் அது பொம்மை ரகம். அதற்குப் பிரஷ்லெஸ் போடுவதற்குப் புது வண்டியே வாங்கலாம். பிள்ளைகள் ஓட்டட்டும், விட்டுவிடுங்கள்.

அடுத்து மோட்டாரின் உருளையை அளந்து பாருங்கள். விட்டம் 36 மில்லிமீட்டர், நீளம் 50 சொச்சம் இருந்தால் 540 வகை. அதே விட்டத்தில் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் 550. இரண்டுக்கும் முகப்பில் ஸ்குரூ ஓட்டைகளின் இடைவெளி 25 மில்லிமீட்டர்தான். 3650 என்று விற்கும் பிரஷ்லெஸ் மோட்டார்களும் அதே அளவு: முதல் இரண்டு எண் விட்டம், அடுத்த இரண்டு நீளம். ஆகவே பத்தில் ஒரு பங்கு அளவு டிரக் என்றால் பெரும்பாலும் நேராக உட்காரும். 3660, 3674 என்று நீளம் கூடக்கூட மோட்டாரின் பின்பக்கம் சேஸியிலோ பேட்டரித் தட்டிலோ இடிக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

உங்கள் கையில் இருப்பது டாமியா கம்பெனியின் 1986இல் வந்த பிளாக்ஃபுட், 1987இல் வந்த லஞ்ச் பாக்ஸ் மாதிரி பழைய உருப்படி என்றால், சேஸியில் ஓட்டை போடாமல், எதையும் அறுக்காமல் வேலையை முடியுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நாளைக்கு விற்க நினைத்தால் அந்த டப்பாவுக்கு மதிப்பு உண்டு. அதே 1987இல் வந்த கிளாட் பஸ்டரில் முன்னும் பின்னும் இரண்டு மோட்டார். பழைய பிரஷ் மோட்டார்கள் இரண்டை, மோட்டாருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் கன்ட்ரோலர் ஒன்றிலேயே ஓட்டலாம். பிரஷ்லெஸ்ஸில் மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர் வேண்டும். முதல் வேலைக்கு அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

பிரஷ்லெஸ் உள்ளே என்ன நடக்கிறது

பழைய மோட்டாரில் நடுவில் சுற்றுவது காயில். அதற்கு மின்சாரம் போக இரண்டு கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். மிக்ஸி ரிப்பேர் கடையில் "கார்பன் தேஞ்சு போச்சு" என்று மாற்றித் தருவார்களே, அதே சமாசாரம். உரசினால் தீப்பொறி, சூடு, தேய்மானம். பிரஷ்லெஸ்ஸில் காயில் அசையாமல் வெளியே இருக்கும். காந்தம் நடுவில் சுற்றும். உரசுவதற்கு பேரிங்கைத் தவிர ஒன்றுமில்லை. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்பதை கன்ட்ரோலர், அதாவது இஎஸ்சி, முறை வைத்துக் கொடுக்கும். அதனால்தான் பழையதில் இரண்டு ஒயர், இதில் மூன்று. பழைய இஎஸ்சியில் இந்த மோட்டார் ஓடாது. மோட்டாரும் இஎஸ்சியும் ஜோடியாகவே மாற வேண்டும்.

தோட்டத்தில் த்ரீ ஃபேஸ் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் ரீவைண்டிங் கடை அண்ணாச்சி என்ன சொல்வார்? "ரெண்டு ஃபேஸ மாத்திப் போடு தம்பி, சரியாயிரும்." சென்சார் இல்லாத பிரஷ்லெஸ்ஸுக்கும் அதே வைத்தியம்தான்: மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சுற்றும் திசை மாறும்.

சென்சார் உள்ளதா இல்லாததா என்பது எல்லாரும் குழம்பும் இடம். சென்சார் மோட்டாரில் மெல்லிய ஆறு ஒயர் கேபிள் ஒன்று கூடுதலாக வரும். காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று இஎஸ்சிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதால் ஊர்ந்து புறப்படும்போதும் வெண்ணெய் மாதிரி கிளம்பும். சென்சார் இல்லாதது புறப்படும் கணத்தில் லேசாக உதறும். வேகம் பிடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலுமாக வரும் ஊரில், சேறும் புல்லுமாக ஓட்டுகிறவர்களுக்கு என் சிபாரிசு சென்சார் இல்லாத, தண்ணீர் புகாத 60 ஆம்ப் இஎஸ்சியும் 3650 மோட்டாரும் சேர்ந்த ஜோடி. ஹாபிவிங் குயிக்ரன் வரிசையில் இப்படிக் கிடைக்கிறது. வண்டியைப் பாறை மேல் ஏற்றுகிற ஆசை இருந்தால் மட்டும் சென்சார் பக்கம் போங்கள்.

கேவி எண்ணில் ஏமாற வேண்டாம்

மோட்டார் மேல் 3300 கேவி, 3900 கேவி என்று எழுதியிருக்கும். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது அது. இரண்டு செல் லிப்போவின், அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியின், பெயரளவு வோல்டேஜ் 7.4. 3300ஐ 7.4ஆல் பெருக்கினால் 24,420 சுற்று. டாமியா பெட்டியில் வரும் சாதாரண வெள்ளி நிற 540 மோட்டார் 7.2 வோல்ட்டில் சுமார் 15,000, 16,000 சுற்றுதான். அதாவது "சின்ன" பிரஷ்லெஸ் என்று நினைக்கும் 3300 கேவியே ஒன்றரை மடங்கு.

வேகக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். முதலில் வண்டியின் மொத்த கியர் விகிதம் வேண்டும். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, மோட்டார் தண்டில் இருக்கும் சின்னக் கியரான பினியனில் மார்க்கரால் ஒரு புள்ளி. வண்டியைத் தரையில் நேராகத் தள்ளி, டயர் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் பினியன் எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பன்னிரண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் விட்டம் 115 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 361 மில்லிமீட்டர். 24,420ஐ 12ஆல் வகுத்து, சுற்றளவால் பெருக்கி, மணிக்கணக்காக்கினால் 44 கிலோமீட்டர் வரும். பழைய மோட்டாருக்கு அதே கணக்கு 28. நிஜத்தில் இரண்டுமே இதைவிடக் குறையும். அதே மோட்டாரில் மூன்று செல் பேட்டரியை மாட்டினால் ஏட்டுக் கணக்கு 66ஐத் தொடும். முப்பது வருடத்துப் பிளாஸ்டிக் முன் அச்சு அந்த வேகத்தில் ஒரு வரப்பில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே பழைய டிரக்குக்கு 3300 கேவிக்கு மேல் போகாதீர்கள், இரண்டு செல்லோடு நில்லுங்கள். கனமான பெரிய டயர் வண்டிக்கு 2400, 2800 இருந்தால் இன்னும் நல்லது. வேகம் போதவில்லை என்றால் பிறகு பினியனில் ஒரு பல் கூட்டிக்கொள்ளலாம். உடைந்த டிஃபரன்ஷியல் பல்லை ஒட்ட முடியாது.

கியர்பாக்ஸைத் திறவுங்கள்

புது மோட்டார் பார்சல் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். பாகங்களைக் கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். ஸ்குரூக்களை எடுத்த வரிசையில் இட்லித் தட்டுக் குழிகளில் போட்டு வைத்தால் கலக்காது.

அச்சுகளில் சுற்றியிருப்பதை முதலில் பாருங்கள். புளியரைப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஓட்டிய வண்டி என்றால் சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே வைக்கோல் இழை இறுகிச் சுற்றி, கறுத்து, பிளாஸ்டிக் வாஷர் போலவே உட்கார்ந்திருக்கும். தேங்காய் நாரும் அப்படித்தான். கூர்மையான கத்தி முனையால் வெட்டி, இடுக்கியால் இழுத்து எடுக்க வேண்டும். பழைய மோட்டார் இதை முக்கி முனகி இழுத்துக்கொண்டிருந்தது. புது மோட்டார் முனகாது. சூட்டில் பேரிங்கை உருக்கிவிட்டுத்தான் நிற்கும்.

பழைய டிரக்குகளில் பேரிங் என்று நினைத்துப் பார்த்தால் பல இடத்தில் வெறும் பிளாஸ்டிக் அல்லது வெண்கலப் புஷ்தான் இருக்கும். எல்லாவற்றையும் பால் பேரிங்காக மாற்றுங்கள். பல வண்டிகளில் 5×11×4 மில்லிமீட்டர் அளவுதான். இருந்தாலும் பழையதை அளந்துவிட்டு வாங்குங்கள். மொத்தச் செலவில் ரொம்பச் சின்னத் தொகை இது, பலனோ மோட்டாருக்கு அடுத்தபடி இதில்தான். இதைத் தள்ளிப்போட்டால் மற்ற எதுவும் சரியாக வராது.

பழைய கிரீஸ் மணலோடு சேர்ந்து அரைக்கிற பசையாகியிருக்கும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். பேரிங்கையும் ரப்பர் பாகங்களையும் அதில் முக்க வேண்டாம். பல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நுனி வெளுத்திருந்தாலோ, கொக்கி மாதிரி வளைந்திருந்தாலோ அந்தக் கியரை இப்போதே மாற்றிவிடுங்கள். மூடும்போது உள்கியர்களுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். வெளியே தெரியும் பினியனுக்கும், அதோடு கடிக்கும் பெரிய கியரான ஸ்பர் கியருக்கும் கிரீஸே கூடாது, புழுதி ஒட்டும்.

உங்கள் டிரக்கில் ஸ்பர் கியரோடு சேர்ந்த ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் அதிர்ஷ்டம். டிராக்ஸஸ் ஸ்டாம்பீட் போன்றவற்றில் உண்டு. திடீரென்று பலம் வரும்போது அது வழுக்கிக் கொடுத்து உள்கியரைக் காப்பாற்றும். நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முதல் ஓரிரு அடிக்கு மெல்லிய 'கிர்' சத்தம் கேட்கும் அளவுக்கு அதன் நட்டை வையுங்கள். லஞ்ச் பாக்ஸ் மாதிரி வண்டிகளில் ஸ்லிப்பர் கிடையாது. அங்கே இஎஸ்சியில், எவ்வளவு வெடுக்கென்று புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் 'பஞ்ச்' என்ற அமைப்பை ஆகக் குறைவில் வைப்பது ஒன்றே வழி.

பினியன்: இங்கேதான் அவசரம் கூடாது

மோட்டார் தண்டில் மாட்டும் சின்னக் கியரின் பல் அளவு ஸ்பர் கியரோடு பொருந்த வேண்டும். 32 பிட்ச், 48 பிட்ச், 0.6 மாட்யூல், 0.8 மாட்யூல், 1 மாட்யூல் என்று புழக்கத்தில் இருக்கின்றன. 32 பிட்ச்சும் 0.8 மாட்யூலும் கிட்டத்தட்ட ஒன்று. பலர் கலந்து ஓட்டுகிறார்கள், ஓடுகிறது. 48 பிட்ச்சும் 0.6 மாட்யூலும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல, ஒன்றை ஒன்று தின்றுவிடும். வண்டிப் பெயரைச் சொல்லி உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். தண்டின் விட்டமும் முக்கியம்: 3650 வகைக்குப் பொதுவாக 3.175 மில்லிமீட்டர், பெரிய மோட்டார்களுக்கு 5 மில்லிமீட்டர்.

எத்தனை பல்? ஏற்கெனவே இருந்ததைவிட இரண்டு மூன்று குறைவாகத் தொடங்குங்கள். பல் குறைந்தால் இறுதி வேகம் குறையும், மோட்டாரும் இஎஸ்சியும் குளிர்ச்சியாக இருக்கும். சில பழைய டிரக்குகளில் மோட்டார் ஸ்குரூ ஓட்டை நீள்வாக்கில் இல்லாமல் ஒரே இடத்தில் இருக்கும். அங்கே கம்பெனி சொன்ன பினியன் மட்டும்தான் கடிக்கும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கேவியைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் தண்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். பினியனின் பக்கவாட்டுச் சின்ன ஸ்குரூ அந்தத் தட்டையில் நேராக உட்கார வேண்டும். தண்டையும் ஸ்குரூவையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்துவிட்டு, ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு பொட்டு வைத்து, நல்ல எல்-கீயால் முறுக்குங்கள். மழுங்கிய எல்-கீ அந்த ஸ்குரூவின் தலையை உருட்டிவிட்டால் கழற்றுவது தனி ரோதனை. லாக்டைட் பிளாஸ்டிக்கில் படக்கூடாது. சிலவகைப் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும்.

மோட்டாரைத் தளர்வாக மாட்டி, நோட்டுத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே கொடுத்து, நெருக்கி, ஸ்குரூவை இறுக்குங்கள். பிறகு கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வர வேண்டும். கிழிந்தால் ரொம்ப நெருக்கம். இப்போது ஸ்பர் கியரைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஓர் அசைவு இருக்கும். ஸ்பரை முழுச் சுற்று சுற்றி நான்கைந்து இடத்தில் இதைப் பாருங்கள், ஏனென்றால் பழைய ஸ்பர் கொஞ்சம் கோணலாக இருக்கலாம். இறுக்கமான இடம் எதுவோ அதற்கு ஏற்றபடி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மோட்டாரை மாட்டும் ஸ்குரூ நீளமாக இருந்தால் உள்ளே இறங்கிக் காயிலைக் குத்தும். மோட்டாரோடு வரும் தாளில் எவ்வளவு ஆழம் என்று போட்டிருக்கும். பழைய ஸ்குரூவை அப்படியே போடாமல் அளந்து போடுங்கள்.

ஒயரிங்

ரொம்பப் பழைய வண்டியில் இஎஸ்சியே இருக்காது. சர்வோ ஒன்று செப்புத் தகட்டுச் சுவிட்சைத் தள்ளும், பக்கத்தில் சூடாகும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அந்த சர்வோ, சுவிட்ச், ரெசிஸ்டர் மூன்றையும் எடுத்துவிடுங்கள். காலியான இடத்தில் புது இஎஸ்சி உட்காரும். அதன் ஃபேனுக்கு மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். நீண்ட ஏரியல் கம்பியோடு இருக்கும் 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டையும் இத்தோடு ஓய்வு கொடுத்து அனுப்பலாம். ஃப்ளைஸ்கை போன்ற ஆரம்பநிலை 2.4 கிகாஹெர்ட்ஸ் துப்பாக்கி வடிவ ரிமோட்டே தாராளம். ரிசீவரில் ஒன்றாம் சேனல் ஸ்டீயரிங், இரண்டாம் சேனல் இஎஸ்சி.

ரிசீவருக்கும் சர்வோவுக்கும் வேண்டிய 6 வோல்ட் இஎஸ்சியிலிருந்தே, அதிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று ஒயர் கேபிளின் சிவப்பு வழியாக வந்துவிடும். ஆகவே பழைய நான்கு பென்டார்ச் செல் பெட்டி ரிசீவரில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் கரன்ட் கொடுக்கக் கூடாது.

பழைய வெள்ளை டாமியா பிளக் இந்த ஆம்பியரைத் தாங்காது, சூடாகி இளகும். எக்ஸ்டி60 அல்லது டி-பிளக் போடுங்கள். இந்தத் தடிமன் ஒயருக்கு ரேடியோ ரிப்பேர் 25 வாட் அயர்ன் பத்தாது, 60 வாட் வேண்டும். சாலிடர் வைக்கத் தயக்கமாக இருந்தால் ரீவைண்டிங் கடையிலோ மொபைல் கடையிலோ கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. வாங்கி வந்ததும் சிவப்பு-கறுப்பு சரியா என்று மல்டிமீட்டரில் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் இஎஸ்சிக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

பேட்டரித் தட்டையும் அளந்துகொள்ளுங்கள். கெட்டி உறை போட்ட சாதாரண ஹார்ட்கேஸ் லிப்போ ஏறக்குறைய 138×46×25 மில்லிமீட்டர் வரும். பழைய உருண்டைச் செல் பேட்டரிக்காகச் செய்த தட்டுகளில் அதன் மூலைகள் இடிக்கும். ஓரம் வளைந்த ஹார்ட்கேஸ் தேடி வாங்கலாம். தட்டைச் சுரண்டுவது கடைசி வழி.

செட்டிங்கும் முதல் ஓட்டமும்

டயர் தரையில் படாமல் ஒரு கட்டையின் மேல் வண்டியை வையுங்கள். எப்போதும் ரிமோட்டை முதலில் போட்டு, வண்டியைப் பிறகு போட வேண்டும். அணைக்கும்போது வண்டி முதலில், ரிமோட் கடைசியில். ஹாபிவிங் வகை இஎஸ்சியில் செட் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்து, விட்டு, நடுநிலை, முழு ஆக்சிலரேட்டர், முழு பிரேக் என்று ஒவ்வொன்றிலும் ஒரு தடவை பட்டனை அழுத்தினால் ரிமோட்டின் எல்லைகளைக் கற்றுக்கொள்ளும். விவரம் மாடலுக்கு மாடல் மாறும், கூட வரும் தாளைப் பாருங்கள். அப்புறம் பேட்டரி வகை லிப்போ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி உப்பிவிடும்.

ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் மூன்றில் இரண்டு ஒயரை மாற்றுங்கள். சென்சார் மோட்டார் என்றால் ஒயரைத் தொடாமல் இஎஸ்சி செட்டிங்கில் திசையை மாற்றுங்கள். கட்டை மேல் வைத்து முழு வேகம் காட்டிப் பெருமைப்பட வேண்டாம்: சுமையில்லாத டயர் பூரியாக உப்பி ரிம்மை விட்டுப் பிய்த்துக்கொள்ளும். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்றும் இங்கேயே சோதியுங்கள். நிற்கவில்லை என்றால், சிக்னல் போனதும் வண்டியை நிறுத்த வேண்டிய ரிசீவரின் ஃபெயில்சேஃபைச் சரிசெய்யாமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்குப் புல் வேண்டாம், ரோடு வேண்டவே வேண்டாம். காய்ந்து இறுகிய களமோ பள்ளி மைதானமோ போதும். ஐந்து நிமிடம் பாதி வேகத்தில் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். மூன்று நான்கு நொடி விரலை வைத்திருக்க முடிந்தால் சரி. சுருக்கென்று எடுக்க வேண்டியிருந்தால் 60 டிகிரி தாண்டியாகிவிட்டது, கவனம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் 80 டிகிரியை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். சூடு அதிகம் என்றால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். கை வைத்தால் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஒரு பல் கூட்டலாம். கோடை வெயிலில் கிடைத்த முடிவும் சாரல் நாளில் கிடைத்த முடிவும் ஒன்றாக இருக்காது. சித்திரை வெயிலில் சோதித்ததையே நம்புங்கள். உயரமான புல் வெயிலைவிட மோசம். அதில் ஓட்டுவதாக இருந்தால் இன்னும் ஒரு பல் இறக்குங்கள்.

ஓட்டம் முடிந்ததும் கியர் இடைவெளியையும் மோட்டார் ஸ்குரூவையும் மறுபடி பாருங்கள். முதல் ஓட்டத்தில்தான் அவை தளரும்.

சாரலில் ஓட்டலாமா என்றால், இஎஸ்சி தண்ணீர் புகாதது என்றாலும் ரிசீவர் அப்படியில்லை. மூடியுள்ள ரிசீவர் பெட்டி இல்லாத பழைய டிரக்கில் ரிசீவரை ஒரு பலூனுக்குள் விட்டு ஒயர்களோடு சேர்த்து வாயைக் கட்டிவிடலாம். மோட்டாருக்குத் தண்ணீரால் உடனே ஒன்றும் ஆகாது, அதன் பேரிங் துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, காற்றடித்து, பேரிங்குகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றி, அடுத்த வாரம்தான் ஓட்டுவீர்கள் என்றால் செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில் ஸ்டோரேஜ் அமைப்பில் போட்டு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். தகரக் கொட்டகை பரணில் மட்டும் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அதுவும் மெத்தை மேல் வைக்காமல் சிமென்ட் தரையில்.